சாந்தினி சௌக்கில் ஒரு முழு நாள்: எந்தச் சந்தில் எதை வாங்குவது, எப்போது போவது

தில்லிக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் செங்கோட்டையைப் பார்த்து முடித்துவிட்டு, எதிரே தெரியும் சாந்தினி சௌக்குக்குள் மாலை நாலு மணிக்கு நுழைவார்கள். கூட்டம் நெரிக்கும். பிள்ளைகள் பசி என்பார்கள். "லெஹங்கா, சேலை, உள்ளே வந்து பாருங்க" என்று இந்தியில் கூப்பிட்டுக்கொண்டே ஒரு ஆள் பின்னாலேயே வருவார். ஒரு மணி நேரத்தில் களைத்துப்போய், இரண்டு துப்பட்டாவோடு ஊபர் தேட ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஊருக்கு வந்து "அங்கே ஒண்ணும் இல்லை, வெறும் கூட்டம்" என்பார்கள். கேட்கும்போது எனக்கு மனசு ஆறாது. தவறான நேரத்தில், தவறான முனையில் நுழைந்ததால் வரும் சிரமம் அது.

ஷாஜஹான் 1648ல் ஆக்ராவை விட்டு ஷாஜஹானாபாத் என்னும் இந்தப் புதுத் தலைநகருக்கு வந்தார். கோட்டை வாசலிலிருந்து மேற்கே நீளும் கடைவீதியை 1650ல் திட்டமிட்டவர் அவர் மகள் ஜஹானாரா பேகம். வீதியின் நடுவே கால்வாய் ஓடியது; பாதி வழியில் ஒரு குளம் இருந்தது. கால்வாயும் குளமும் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு தொழிலுக்கு ஒரு சந்து என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே தொடர்கிறது. இது தெரிந்துவிட்டால் இந்த இடம் பிடிபட்டுவிடும். பெரிய வீதி வெறும் நடைபாதைதான். வியாபாரம் எல்லாம் அதிலிருந்து பிரியும் கலி எனப்படும் சந்துகளிலும், கட்ரா எனப்படும் முற்றங்களிலும் நடக்கிறது.

முதல் வேலை: நாள் குறிப்பது

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் செவ்வாய் முதல் சனி வரைதான் உங்களுக்கு. அதிலும் சனிக்கிழமை உள்ளூர்க்காரர்களே கல்யாண ஜவுளிக்குக் குவிவார்கள். புதன் அல்லது வியாழன் நல்லது.

அக்டோபர் முதல் மார்ச் வரை நடக்க ஏற்ற காலம். மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த வெயிலில் போக வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் கண்ணுக்கு விருந்து, கால் வைக்க இடம் கிடைக்காது. எனக்குக் கேட்டால் டிசம்பர், ஜனவரி. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு தின்பண்டம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வேலை: பட்டியல் எழுதுவது

மூன்று பொருள், அதற்கு மேல் வேண்டாம். பொருளை எழுதி, பக்கத்தில் சந்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மசாலா, உலர்பழம் என்றால் காரி பாவ்லி. வெள்ளி நகை, அத்தர் என்றால் தரிபா கலான். ஜரிகை, லேஸ், கல்யாண அலங்காரச் சாமான் என்றால் கினாரி பஜார். துணி வெட்டி வாங்க கட்ரா நீல். பாடப்புத்தகம் நயி சடக். செருப்பு, மூக்குக்கண்ணாடி பல்லிமாரான். பித்தளைச் சாமானும் கல்யாணப் பத்திரிகையும் சாவ்ரி பஜார். விளக்கு, சரவிளக்கு, மின்சாமான் எல்லாம் பகீரத் பேலஸ்.

இதில் ஒரு பொருளை வேறு சந்தில் தேடினால் கிடைக்கலாம், ஆனால் விலையும் ரகமும் சரியாக இருக்காது. சந்தின் தொழிலை மீறி வாங்காதீர்கள் என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்வது.

கையில் 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் இருக்கட்டும். கடைகளில் யுபிஐ தாராளமாக நடக்கிறது என்றாலும் ரிக்‌ஷாவுக்கும் தள்ளுவண்டித் தின்பண்டத்துக்கும் சில்லறை உதவும். மூடிய செருப்பு போடுங்கள். சந்துகளில் ஈரமும் குப்பையும் இருக்கும். தலையை மூட ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ, தோளில் குறுக்காக மாட்டி முன்பக்கம் வைத்துக்கொள்ளும் பை, தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். கல்லூரிப் பையன்கள் மாதிரி முதுகுப்பையோடு போனால் பர்ஸ் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எப்படிப் போவது

மெட்ரோதான். காரில் போவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். 2021ல் வீதியைச் சீரமைத்த பிறகு, செங்கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டருக்கு, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புது தில்லி ஸ்டேஷனில் இறங்குபவர்களுக்கு மஞ்சள் வழித்தடத்தில் முதல் நிறுத்தம் சாவ்ரி பஜார், அடுத்தது சாந்தினி சௌக். விமானத்தில் வருபவர்கள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் புது தில்லி வரை வந்து அதே மஞ்சள் தடத்துக்கு மாறலாம். செங்கோட்டையை ஒட்டி ஊதா வழித்தடத்தில் லால் கிலா ஸ்டேஷன் இருக்கிறது. அதைத் திரும்பிப் போக வைத்துக்கொள்வோம். மெட்ரோ ஸ்டேஷனிலேயே கழிவறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். பெண்களுக்கு இது முக்கியம். சந்துகளுக்குள் போனபிறகு தேடி அலைய நேரிடும்.

காலை 10 மணிக்குச் சாந்தினி சௌக் ஸ்டேஷனில் இறங்கி, குறுகலான சந்து வழியாகப் பெரிய வீதிக்கு வந்து, வலது பக்கம், அதாவது மேற்கே திரும்புங்கள். எல்லோரும் கோட்டையிலிருந்து மேற்கே நடப்பார்கள். நாம் மேற்கு முனையில் தொடங்கி கோட்டையை நோக்கி வரப்போகிறோம். மொத்த வியாபாரச் சந்தை காலையில் விழிக்கும், நகைக்கடையும் ஜரிகைக்கடையும் மதியத்துக்குமேல்தான் சூடு பிடிக்கும் என்பது காரணம். நடக்க முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. ஏறுவதற்கு முன்பே "ஃபதேபுரி, கித்னா?" என்று கேட்டு, தொகையைத் திரும்ப ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். தலைக்கா, வண்டிக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

காரி பாவ்லி

ஃபதேபுரி மசூதியைத் தாண்டியதும் மூக்கு சொல்லிவிடும். ஆசியாவிலேயே பெரிய மசாலாச் சந்தை என்று இதைச் சொல்வார்கள். சாலையின் இரு பக்கமும் கோணி மூட்டைகள்: மிளகாய், சுக்கு, கருப்பு ஏலக்காய், உலர்ந்த ரோஜா இதழ், மாதுளை விதை. நடுவே தலையில் மூட்டையோடும், இரண்டு சக்கரத் தள்ளுவண்டியோடும் ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். "பச்கே! பச்கே!" என்று கத்தினால் உடனே ஓரமாகப் போய்விடுங்கள். பாரத்தோடு வருபவர் நடுவில் நின்றால் மறுபடி வண்டியைக் கிளப்புவது பெரும்பாடு. கைப்பேசியை நீட்டிக்கொண்டு நடுச்சாலையில் நிற்பவர்களால் அவருக்கு அன்றைய நடை குறைகிறது, கூலியும் குறைகிறது. படம் எடுக்க ஆசையாக இருந்தால் கடை ஓரம் நின்று, கேட்டுவிட்டு எடுங்கள்.

இங்கே எதை வாங்குவது? நம்மவர்கள் செய்யும் வேலை, கண்ணில் பட்ட ஏலக்காயையும் மிளகையும் அள்ளுவது. அந்த மிளகும் ஏலக்காயும் கேரளத்திலிருந்து வடக்கே போனவை. மிளகாய் குண்டூரிலிருந்து போயிருக்கும், மஞ்சள் ஈரோட்டிலிருந்தே போயிருக்கலாம். அதை மறுபடி தெற்கே சுமந்து வருவதில் என்ன லாபம்? வடக்கே விளைவதை, வடமேற்கிலிருந்து வருவதை வாங்குங்கள்.

முதலாவது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து பிசினாக வந்து, உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸில் மாவும் கோந்தும் சேர்த்துப் பக்குவமாகி இங்கே வருகிறது. "ஹீரா ஹிங்" என்று கேட்டால் கலப்பில்லாத பிசினைக் காட்டுவார்கள். வெளிறிய நிறத்தில், லேசாகப் பிசுபிசுப்பாக, விரலில் தொட்டால் கை கழுவிய பிறகும் மணக்கும். சாம்பாருக்குக் கடுகளவு போதும். விலை கேட்டால் திகைப்பீர்கள்; 10 கிராம் வாங்கினாலே ஒரு சிறு குடும்பத்துக்குப் பல மாதம் வரும். காற்றுப் புகாத கண்ணாடிச் சீசாவில் கொண்டு போங்கள். இல்லையென்றால் பெட்டியில் உள்ள துணியெல்லாம் அந்த வாசனைதான்.

அடுத்தது குங்குமப்பூ. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முத்திரையிட்ட ஒரு கிராம் டப்பாவாகக் கேளுங்கள். திறந்து காட்டினால் இழையைக் கவனியுங்கள்: ஒரு முனை எக்காளம்போல் விரிந்திருக்க வேண்டும். இரண்டு இழையை வெதுவெதுப்பான நீரில் போட்டால் நிறம் மெதுவாகப் பொன் மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்டதும் தண்ணீர் சிவந்து இழை வெளுத்துவிட்டால் அது சாயம் ஏற்றியது.

பாதாமில் மூன்று ரகம் காட்டுவார்கள். பெரிதாக, சீராக இருப்பது கலிஃபோர்னியா. சின்னதாக, எண்ணெய்ப் பிடிப்போடு இருப்பது குர்பந்தி. கோணல்மாணலாக வளைந்து, விலை பல மடங்கு இருப்பது ஈரான், ஆப்கானிஸ்தான் மாம்ரா. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் தேர்வு குர்பந்தி. ஆனால் குர்பந்தியில் இடையிடையே கசப்பு விதை வரும், அல்வாவுக்கு அரைக்கும்போது கவனம். காஷ்மீர் அக்ரூட், உலர் அத்தி, கஸூரி மேத்தி, சின்ன ஜம்மு ராஜ்மா ஆகியவையும் நம்மூரில் இந்த ரகத்தில் எளிதில் கிடைக்காது.

ஒரே கடையில் வாங்கிவிடாதீர்கள். மூன்று கடையில் ஒரே பொருளின் கிலோ விலையைக் கேளுங்கள். சில கடைகள் மூட்டைக் கணக்கில்தான் விற்கும். "ரீடெய்ல் நஹி" என்றால் நகர்ந்துவிடுங்கள். கால் கிலோ தரும் கடைகள் ஏராளம்.

கிளம்பும் முன் தெற்குப் பக்கம் உள்ள கடோடியா மார்க்கெட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய முற்றம், சுற்றிலும் மாடி, எங்கும் மிளகாய் மூட்டை. வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு போங்கள், அப்படியும் இருமல் வரும். அங்கேயே நாள் முழுக்க மூட்டை தூக்குபவர்களும் இருமிக்கொண்டேதான் தூக்குகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியிலேயே நின்றுவிடுவது நல்லது.

திரும்பி கிழக்கே

ஃபதேபுரி மசூதி 1650ல் ஷாஜஹானின் மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம் கட்டியது. சிவப்புக் கல் முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம்; தொழுகை நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பெரிய வீதியில் நடந்தால் இடது பக்கம் கட்ரா நீல். பட்டும் பனாரஸ் துணியும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வலது பக்கம் பல்லிமாரான். செருப்பு வேண்டாதவர்களும் உள்ளே நுழையலாம், காரணம் காலிப். உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் 1869ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இதிலிருந்து பிரியும் கலி காசிம் ஜானில் இருக்கிறது. இப்போது சிறு நினைவகம். இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் டவுன் ஹால், எதிரே நயி சடக். பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்றால் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் தாண்டிவிடலாம்.

சாப்பாடு

மதியம் ஒரு மணிக்கு முன்பே பராந்தே வாலி கலிக்குப் போய்விடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது. 1870கள் தொட்டு இங்கே பராட்டாக் கடைகள் இருக்கின்றன. தோசைக்கல்லில் சுடுவதில்லை, இரும்பு வாணலியில் நெய்யில் முக்கிப் பொரிக்கிறார்கள். உருளை, முள்ளங்கி, பனீர், முந்திரி, ரப்ரி என்று பூரணம் எத்தனையோ. கூடவே பூசணிக் கூட்டு, உருளைக் குழம்பு, வாழைப்பழம் போட்ட புளிப்பு இனிப்புச் சட்னி. சைவம்தான். ஒருவருக்கு இரண்டு பராட்டா போதும். வயிற்றில் கனமாக உட்காரும், இன்னும் பாதி நாள் நடக்க வேண்டும்.

நெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் மெட்ரோ சந்துக்குப் பக்கத்தில் 1940லிருந்து நடக்கும் நட்ராஜ் கடையில் தஹி பல்லா சாப்பிடலாம். நம்மூர் தயிர்வடையை நினைத்துக்கொண்டு வாயில் வைக்காதீர்கள், தயிர் இனிக்கும்.

குளிர்காலத்தில் போனால் தௌலத் கி சாட்டைத் தவறவிடாதீர்கள். மூங்கில் தாங்கியின்மேல் அகன்ற தட்டு, அதில் வெள்ளை நுரை மலையாகக் குவிந்திருக்கும், மேலே குங்குமப்பூ மஞ்சள். பாலை இரவில் பனியில் வைத்து, விடியலில் கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுத்தது. தொன்னையில் எடுத்து, நாட்டுச் சர்க்கரைத் தூளும் கோவாவும் தூவிக் கொடுப்பார்கள். நாக்கில் வைத்ததும் கரைந்து, பாலின் மணமும் சர்க்கரையின் நெறுநெறுப்பும்தான் மிஞ்சும். வெயில் ஏறினால் நுரை அமர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே கண்ணில் பட்டால் அப்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரும், வெட்டி வைத்த பழமும் வேண்டாம். சூடாகக் கண்முன் பொரிப்பதைச் சாப்பிடுங்கள்.

கினாரி பஜாரும் பேரமும்

பராட்டாச் சந்திலேயே உள்ளே நடந்தால் கினாரி பஜார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். ஜரிகைப் பார்டர், கோட்டா வேலை, மணி, கல், மாப்பிள்ளைத் தலைப்பாகை, ரூபாய் நோட்டு மாலை என்று தலைக்குமேல்கூடச் சரக்கு தொங்கும். பார்டரைப் பெரும்பாலும் 9 மீட்டர் சுருளாகத்தான் தருவார்கள். ரவிக்கைக்கோ சேலைக்கோ வாங்குவதென்றால் அந்தத் துணியின் ஒரு துண்டைக் கொண்டு போங்கள். கடை விளக்கில் பொன்னாகத் தெரிவது வெளிச்சத்தில் செம்பாகத் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

பேரம் பேச இந்தி சரளமாக வர வேண்டியதில்லை. "பையா, சஹி லகாவோ", அண்ணா, சரியான விலை போடுங்க என்றால் போதும். அவர் ஒரு தொகை சொல்வார், நீங்கள் கால்குலேட்டரில் ஒரு தொகை காட்டுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலை பேசிவிட்டு நழுவாதீர்கள். விலை ஒப்புக்கொண்டபின் வேண்டாம் என்பது எங்கேயும் மரியாதையில்லை. "பஸ் தேக் ரஹே ஹைன்", சும்மா பார்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அதேபோல, வீதியில் கூப்பிட்டுக் கடைக்கு அழைத்துப் போகும் ஆட்களுக்குப் பின்னால் போனால் அவர் கமிஷனும் உங்கள் பில்லில் சேரும். "நஹி சாஹியே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள்.

இரைச்சல் தலையைப் பிடித்தால் கினாரி பஜாரிலிருந்து பிரியும் நௌகராவுக்குள் நுழையுங்கள். வண்ணம் தீட்டிய ஒன்பது பழைய சமணர் வீடுகள், முடிவில் ஒரு சமணக் கோயில். குடும்பங்கள் வசிக்கும் இடம், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

தரிபா கலான்

கினாரி பஜாரின் கிழக்கு முனை தரிபாவில் போய்ச் சேரும். வெள்ளி கொலுசு, மெட்டி, குங்குமச் சிமிழ் எல்லாம் எடைக்குத்தான். அன்றைய வெள்ளி விலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் போங்கள். கிராம் விலை தனி, செய்கூலி தனி என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 925 முத்திரையைக் கேளுங்கள், பில் வாங்குங்கள். வெள்ளி போலவே தெரியும் வெள்ளை உலோக நகைகளும் இதே சந்தில் விற்கும். அழகுதான், ஆனால் வெள்ளி விலை கொடுக்கக் கூடாது.

இந்தச் சந்தில்தான் 1816லிருந்து குலாப் சிங் ஜோஹ்ரிமல் அத்தர்க் கடை இருக்கிறது. மிட்டி அத்தர் கேளுங்கள். கன்னோஜில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து எடுக்கும் வாசனை, கோடை மழை முதல் தூறல் விழும்போது வாசலில் எழுமே, அதே மணம். புறங்கையில் தடவித் தந்தால் உடனே முடிவு செய்யாதீர்கள். கால் மணி நேரம் சந்தில் நடந்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்து பாருங்கள். மேல்வாசனை போனபின் நிற்பதுதான் உங்களோடு இருக்கப்போவது. ஒரே தடவையில் மூன்றுக்குமேல் முகர்ந்தால் மூக்கு குழம்பிவிடும்.

தரிபா பெரிய வீதியைத் தொடும் மூலையில், 1884லிருந்து நடக்கும் பழைய ஜிலேபிக் கடை. விரல் தடிமனில், நெய்யில் பொரித்துப் பாகில் முக்கியது. இரண்டு பேருக்கு 100 கிராம் தாராளம்.

கோட்டை முனை

மாலை ஐந்துக்கு இங்கே வந்துவிட்டால் சரியான கணக்கு. தரிபா மூலைக்குச் சற்று மேற்கே சீஸ் கஞ்ச் குருத்வாரா. ஒன்பதாவது சீக்கிய குரு தேக் பகதூர் 1675ல் அவுரங்கசீப்பின் ஆணைப்படி தலை வெட்டப்பட்ட இடம் அது. செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். பசித்தால் லங்கர் எனப்படும் பொதுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு வாங்குவதில்லை. ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குங்கள், தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். ஒட்டியே இருக்கும் சிறிய சுனேரி மசூதி 1721ல் கட்டியது. 1739ல் தில்லிமேல் படையெடுத்து வந்த பாரசீக மன்னன் நாதிர் ஷா அங்கே நின்றுகொண்டுதான் தில்லி மக்களை வெட்டச் சொன்னான். ஒரே நாளில் ஆயிரமாயிரம் பேர் இந்த வீதியில் மாண்டார்கள். இன்று அந்த மசூதிக்குக் கீழே கூட்டம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வீதி முடியும் இடத்தில் சமணர்களின் லால் மந்திர். அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை. அடிபட்ட புறா, கிளி எல்லாம் கூண்டுக்குள் தங்கி குணமாகும். கழுகு, பருந்து மாதிரி மாமிசம் தின்னும் பறவைகளுக்கு வைத்தியம் மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸைக் கோயில் வாசலிலேயே விட வேண்டியிருக்கும்.

கோட்டையைப் பார்க்க மறுநாள் காலை தனியாக வாருங்கள். இன்னும் தெம்பு இருந்தால் தரிபா வழியாகவே தெற்கே நடந்து ஜாமா மசூதிப் பக்கம் போகலாம்; அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான், 1913லிருந்து நடக்கும் கரீம்ஸ் உணவகமும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஜாமா மசூதி மெட்ரோ பக்கம். நேரே அறைக்குப் போக வேண்டுமானால் லால் கிலா ஸ்டேஷனில் ஏறிவிடுங்கள்.

அறைக்குப் போனதும் பெட்டியைப் பிரித்துக் கட்டுங்கள். மிளகாய்த்தூள், மசாலாப் பொடி எதையும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் நிறுத்திவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். அத்தர்ப் புட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணிக்கு நடுவே வையுங்கள். குங்குமப்பூவும் வெள்ளியும் பில்லோடு கைப்பையிலேயே வரட்டும்.